ஐந்து மணி நாற்பத்தெட்டு நிமிடம்

இங்கிலாந்தில் எங்கள் ஊரான சோர்லியை விட்டு நான் கிளம்பியது மார்ச் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. என் முதுகுப்பை பதினான்கு கிலோ இருந்தது. அதைத் தூக்கிக் காரின் பின்னால் வைத்தவர் நெவில் கேட்டரால். என் அப்பா கீத்தோடு முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். அம்மாவுக்கு டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. அன்று லீவு கிடைக்கவில்லை. அதனால்தான் நெவில் வந்தார்.

வேலைக்குப் போகிற அவசரத்திலும் அம்மா வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னாள்.

"அப்பாவப் பாக்காம போயிடாதே, ஹேலி."

"பாத்துட்டுத்தான் ரயில் ஏறுவேன்," என்றேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஊர் எல்லையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். பேச்சு போய்விட்டது. என்னைப் பார்த்தால் மட்டும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், கண்ணில் நீர் வழியும். மற்றவர்களைப் பார்த்தால் அப்படி இல்லை. அது அன்பு என்று நர்ஸ்கள் சொன்னார்கள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

போகிற வழியில் கடைவளாகத்தில் நிறுத்தச் சொன்னேன். வெறுங்கையோடு போக வேண்டாமே என்று அப்பாவுக்கு அறைக்குள் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு வாங்கினேன். எட்டாம் நம்பர். நெவில் அந்த நம்பரை இரண்டு தடவை பார்த்தார். பத்து நாலுக்கு உள்ளே போனோம், பத்தரைக்குள் வெளியே வந்தோம். இந்த நிமிடக் கணக்கெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பிறகு மனப்பாடம் ஆகிவிட்டது.

இல்லத்தின் வாசலில் கார் நின்றது. நான் கதவைத் திறக்கவில்லை. மாடி ஜன்னல் ஒன்றில் யாரோ டீக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நெவில், வண்டிய எடுங்க," என்றேன்.

"நெசமாவா சொல்றே, கண்ணு?"

"எடுங்க, ப்ளீஸ்."

இரண்டாவது முறை கேட்கவில்லை. அவர் பஸ் ஓட்டியவர். மணி அடித்தால் வண்டியை எடுப்பார். ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. லித்தம் கடற்கரைக்குப் போனோம். காற்றாலை தெரிகிற மாதிரி காரை நிறுத்தி, மீனும் சிப்ஸும் மடியில் வைத்துச் சாப்பிட்டோம். என் கார்டில் பணம் கட்டினேன். பாங்காக், லாவோஸ், அதற்குப் பிறகு எங்கே என்று நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் வினிகர் ஊறிய சிப்ஸை ஒவ்வொன்றாகத் தின்றார்.

பிரஸ்டன் ரயில் நிலையத்தில் இறங்கும்போது கேட்டார்.

"அம்மாகிட்ட என்ன சொல்லப் போறே?"

"சொல்லிட்டேன்," என்று போனைக் காட்டினேன். நான் அனுப்பியிருந்தது இதுதான்: 'அப்பாகூட மூணு மணி நேரம் இருந்தேம்மா. கையை அழுத்தினார்.'

அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். டிக்கெட் எடுக்காமல் ஏறியவரைப் பார்க்கும் டிரைவரின் பார்வை. கோபம் இல்லை, கொஞ்சம் அலுப்பு. என் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். செருப்புப் பை பின்சீட்டிலேயே கிடந்தது. எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

நெவிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது அவரைப் பற்றிய கதை.

சோர்லியிலிருந்து போல்ட்டன் போகும் பஸ்ஸை முப்பத்துநாலு வருடம் ஓட்டினார். அப்பா அதே தடத்தில் எதிர்ப்பக்கமாக வருவார். தினமும் ஏதாவது ஓர் இடத்தில் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று கடக்கும். ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார்கள். அதுதான் வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம். அத்தனை வருடத்தில் நெவிலின் லைசென்ஸில் ஒரு தண்டனைப் புள்ளிகூட விழவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வியாழக்கிழமை தவிர மற்ற நாட்களில் ஆறு மணிக்கெல்லாம் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவார்.

வியாழக்கிழமை மாலை பஸ் ஊழியர் கிளப்பில் அவருக்கு ஒரு மேசை உண்டு. ஓய்வு பெற்ற அடுத்த வருடம் ஆரம்பித்தது. கிளப்பின் பார் பொறுப்பாளர் பெவ்வுக்குக் கடைவளாகத்தில் கார் நிறுத்தியதற்கு ஒரு நோட்டீஸ் வந்தது. உள்ளே வரும்போது ஒரு கேமரா, வெளியே போகும்போது ஒரு கேமரா. நம்பர் பிளேட்டைப் படித்து நேரத்தைக் கழித்துப் பார்த்து, கூடுதலாக நின்றதாக நூறு பவுண்டு கேட்கும் தனியார் கம்பெனி. பதினாலு நாளுக்குள் கட்டினால் அறுபது. பெவ் அழுதுகொண்டே கட்டப் போனாள். நெவில்தான் நிறுத்தினார். அந்த இடத்துக்கே போய், பிளாஸ்கில் டீயோடு கேமராவுக்குக் கீழே ரெண்டு மணி நேரம் நின்றார். வெளியேறும் வரிசையில் மாட்டிக்கொண்ட வண்டிகள் எத்தனை நிமிடம் காத்திருக்கின்றன என்று கட்டம் போட்ட தாளில் குறித்தார். ஸ்கேல் வைத்துப் படம் வரைந்தார். கம்பெனி நோட்டீஸை வாபஸ் வாங்கியது.

அதற்குப் பிறகு ஊரே வந்தது. கிளப்பில் அவரை "வக்கீலய்யா" என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களும் நோட்டீஸ் வந்ததும் அதே மேசைக்குத்தான் வந்தார்கள். அவர் கையால் எழுதுவார். என் அம்மா டைப் அடிப்பாள். கிளினிக்கில் கடிதம் அடித்துப் பழகிய கை. அப்பாவுக்கு முடியாமல் போன பிறகு அம்மா வெளியே போன ஒரே மாலை அந்த வியாழன்தான்.

அவருக்கு ஒரே ஒரு விதி. உட்கார்ந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொல்வார்:

"எங்க இருந்தேன்னு முழுசாச் சொல்லு. பாதிக் கதைக்கு நான் எழுத மாட்டேன்."

இதில் பலருக்குச் சங்கடம். டயட்டில் இருப்பதாக மனைவியை நம்பவைத்துவிட்டு, காரில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த இரண்டு பேஸ்ட்ரி தின்றவர் ஒருவர். வேலை நேரத்தில் காரிலேயே தூங்கிப்போன ஒரு பள்ளி ஆசிரியை. எல்லாரும் கடைசியில் சொல்லிவிடுவார்கள். நெவில் சிரிக்கமாட்டார், யாரிடமும் சொல்லவும் மாட்டார். ஆனால் கடிதத்தில் உண்மை இருக்கும். "உண்மையா இருந்தா எழுத்து நேரா வரும்," என்பார். ஐம்பத்திரண்டு பேருக்கு எழுதினார். நாற்பத்தேழு பேர் பணம் கட்டவில்லை.

ஐம்பத்து மூன்றாவது நோட்டீஸ் அவர் பெயருக்கே வந்தது.

நான் அப்போது வடக்குத் தாய்லாந்தில் இருந்தேன். நடந்ததை எனக்குப் பின்னால் சொன்னவர்கள் அம்மாவும் பெவ்வும். அந்த வியாழன் நெவில் உறையைப் பிரிக்காமலேயே கிளப்புக்குக் கொண்டுவந்தாராம். நடுவில் நின்று, "கடைசில என்னையே புடிச்சுட்டானுங்கப்பா," என்று கத்தரிக்கோலால் உறையை வெட்டி, சத்தமாகப் படித்தாராம். அவருக்கு அது ஒரு பரிசு மாதிரி. தேதி, மார்ச் ஏழு. உள்ளே வந்தது பத்து நாலு. வெளியே போனது மூன்று ஐம்பத்திரண்டு. நின்ற நேரம் ஐந்து மணி நாற்பத்தெட்டு நிமிடம். அனுமதித்தது மூன்று மணி நேரம்.

எல்லாருக்கும் உடனே புரிந்துவிட்டது. இந்த மாதிரி ஏற்கெனவே மூன்று பேருக்கு வந்திருந்தது. ஒரே நாளில் இரண்டு தடவை போனால், முதல் தடவை வெளியேறும்போது பின்னாலேயே ஒரு வேன் ஒட்டிக்கொண்டு வந்தால், கேமராவுக்கு நம்பர் தெரியாது. இரண்டாம் தடவை உள்ளே வருவதும் அப்படியே மறைந்துபோனால் இரண்டு வருகையும் ஒன்றாகிவிடும். இடையில் கார் வேறு எங்கோ இருந்தது என்று காட்டிவிட்டால் போதும்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏழாந்தேதியா? அன்னைக்குத்தானே ஹேலியக் கீத்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க. இல்லத்துல வருகைப் பதிவேட்டுல கார் நம்பரையே எழுதச் சொல்வாங்களே, நெவில். உள்ள வந்த நேரம், வெளிய போன நேரம், எல்லாம் இருக்கும். இதுக்கு ஒரு கடுதாசிகூட வேணாம்."

கிளப்பில் மேசையைத் தட்டினார்களாம். நெவில் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் இரண்டாம் தடவை எதற்குக் கடைவளாகம் போனார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அவரே ரசீதை எடுத்துக் காட்டினார்: செருப்பை எட்டிலிருந்து ஒன்பதுக்கு மாற்றினாராம். அப்பாவின் வலது கால் வீங்கியிருந்தது. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஒன்பதாம் நம்பர் செருப்பு அந்த ஞாயிறு அம்மா போனபோது அப்பாவின் காலில் இருந்தது. எட்டை நான் போட்டுப் பார்த்து, பத்தாமல் போனதால் அவரை மாற்றச் சொன்னதாக அம்மா நினைத்தாள். ஏன் நினைக்கமாட்டாள்.

அன்று இரவே எனக்கு நெவிலிடமிருந்து செய்தி வந்தது. அவர் போனில் எழுதுவதும் கடிதம் மாதிரிதான்.

'அன்புள்ள ஹேலி. நலமா. நாம் போன அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எனக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. லித்தத்தில் நீ சிப்ஸுக்குக் கார்டில் கட்டினாய். உன் பேங்க் கணக்கில் இருக்கும் அந்த ஒரு வரியை அனுப்பினால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் கடிதத்தை டைப் அடிப்பது உன் அம்மா. அதனால் உன்னைக் கேட்காமல் நான் எதுவும் எழுதமாட்டேன். உன் இஷ்டம். இப்படிக்கு, நெவில்.'

நான் ஒரு விடுதியின் மொட்டைமாடியில் மாம்பழம் தின்றுகொண்டிருந்தேன். ஈரக்கையோடு பதில் அடித்தேன்: 'ஐயோ அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ப்ளீஸ். பார்க்கிங் ஃபைன்தானே, கட்டிடுங்க, காசு நான் அனுப்பிடறேன்.' ஓர் இதயப் படமும் போட்டேன்.

'சரி. இப்படிக்கு, நெவில்,' என்று வந்தது.

காசு அனுப்பவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகுதான் மறந்தேன்.

அவர் ஏன் அறுபது பவுண்டைக் கட்டித் தொலைக்கவில்லை என்று கேட்கலாம். செய்யாத தப்புக்குக் கட்டாதே என்று ஐம்பத்திரண்டு பேரிடம் சொன்னவர். அவர் கட்டினால் அந்த மேசை இல்லை. அதே சமயம் லித்தம் என்று எழுதினால் டைப் அடிக்கிற அம்மா படிப்பாள். பராமரிப்பு இல்லம் என்று எழுதினால் பொய். இரண்டும் இல்லாமல் ஒரு கடிதம் எழுதினார். 'வாகனம் 10.25 மணியளவில் வெளியேறி, 3.30 மணியளவில் திரும்பியது.' அவ்வளவுதான். எங்கே போனது என்று இல்லை. பாதிக் கதை.

அம்மா டைப் அடிக்கும்போது கேட்டிருக்கிறாள், இல்லத்தின் பேரைப் போட வேண்டாமா என்று. கீத்தை இதில் இழுக்க வேண்டாம் என்றாராம். பதிவேட்டின் நகலை நானே வாங்கி வருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றாராம். நண்பனின் நோயைக் காட்டித் தப்பிக்க விரும்பவில்லை என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அவர்மேல் மரியாதை கூடியது என்று எனக்குப் போனில் சொன்னாள். நான், "ஆமாம்மா, அவர் அப்படித்தான்," என்றேன்.

கம்பெனி மறுத்தது. அடுத்துச் சுயேச்சையான மேல்முறையீட்டு மையம், அதுவும் மறுத்தது. காரணம் எழுதியிருந்தார்கள்: மனுதாரர் கார் வேறு இடத்தில் இருந்ததாகச் சொல்கிறார், எந்த இடம் என்று சொல்லவில்லை, அவர் அனுப்பிய ரசீது காலையிலும் மாலையிலும் அவர் வளாகத்திலேயே இருந்ததைத்தான் காட்டுகிறது. பிறகு வசூல் ஆட்களின் கடிதங்கள், சிவப்புத் தலைப்போடு. அவற்றை அவர் ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார்.

அக்டோபரில் அப்பா இறந்தார். நான் லாவோஸில் இருந்தேன். டிக்கெட் விலை, இணைப்பு விமானம் என்று ஏதேதோ சொன்னேன். சவ அடக்கத்தைப் போனில் பார்த்தேன், விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து. பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் முன்னால் இடப்பக்கம் நெவில். சரியாக அந்த இடத்தில் படம் உறைந்துபோனது. தோளில் பெட்டி, சாய்ந்த தலை. அப்படியே இரண்டு நிமிடம் நின்றது. நான் போனை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் போனில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "நீ கெளம்பின அன்னைக்கு அவர்கூட மூணு மணி நேரம் இருந்தியே, அது போதும்டி. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்."

கோர்ட்டுக்கு மே மாதத்தில் தேதி வந்தது. பிரஸ்டனில் ஒரு சின்ன அறை. கோர்ட் என்றே தோன்றாதாம், நீளமான மேசையும் தண்ணீர் ஜாடியும்தான். கம்பெனிக்காக வந்த வக்கீல் அம்மாள் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாளாம். நெவில் தனியாகப் போவதாகத்தான் இருந்தார். ஆனால் அம்மா லீவு போட்டுவிட்டு அவர் வாசலில் போய் நின்றாள். பெவ்வும் கூடப் போனாள். அவர் என்ன சொல்லித் தடுத்திருக்க முடியும்.

கேமராவைப் பற்றி, வேன்களைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் நீதிபதி அம்மாள் கவனமாகக் கேட்டாராம். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான் என்றுகூடச் சொன்னாராம். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"மிஸ்டர் கேட்டரால், ஒண்ணே ஒண்ணுதான். அந்த நேரத்துல உங்க கார் எங்க இருந்துச்சு?"

"வேற எடத்துலம்மா."

"எந்த எடம்?"

நெவில் திரும்பிப் பார்க்கவில்லை. பின் நாற்காலியில் அம்மா இருந்தாள்.

"அத நான் சொல்ல விரும்பலம்மா."

"சொல்லலேன்னா நான் எதை வச்சு நம்புறது?"

"நம்ப வேணாம்மா. ஆனா நான் பொய் சொல்லலங்கறத மட்டும் குறிச்சுக்குங்க."

இருநூற்று எழுபத்தொரு பவுண்டு கட்டச் சொல்லித் தீர்ப்பு. மறுநாள் காலையிலேயே செக் அனுப்பிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை கிளப்புக்குப் போய், மேசை விளக்கையும் கட்டம் போட்ட தாள்களையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பெவ் தடுத்துப் பார்த்தாளாம்.

"ஒரு கேஸ் தோத்ததுக்கா இதெல்லாம்? அஞ்சு கேஸ் முன்னாடியும் தோத்திருக்கியே."

"தோத்ததுக்கு இல்ல, பெவ். முழுசாச் சொல்லுன்னு இனிமே எந்த மூஞ்சிய வச்சுட்டு நான் கேப்பேன்?"

நான் இரண்டு வருடம் கழித்து, ஒரு ஜூன் மாதம் திரும்பினேன். வந்த வாரம் வியாழக்கிழமை சும்மா கிளப்புக்குப் போனேன். நெவிலின் மேசையில் வினாடி வினா நடந்துகொண்டிருந்தது. நெவில் எங்கே என்று கேட்டேன். பெவ் கோர்ட் கதையைச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற பழைய டிரைவர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்.

"எல்லாம் பொம்பள சமாச்சாரம், கண்ணு. அறுபத்தெட்டு வயசுல எவளையோ பாக்கப் போயிருக்கான் மனுசன். நான் நேராவே கேட்டேன், லித்தம் பக்கமாடான்னு. குத்துமதிப்பாத்தான் கேட்டேன். காது வரைக்கும் செவந்து போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். நெவிலின் விதிப்படி அது பாதிக் கதை.

அங்கிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் கொஞ்சம் குனிந்திருந்தார். நான் நின்ற நிலையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். டீ போட்டார். சீஸும் வெங்காயமும் வைத்துச் சுட்ட பேஸ்ட்ரியைப் பாதியாக வெட்டி எனக்கு ஒரு தட்டில் வைத்தார்.

"அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடறேன், நெவில்," என்றேன். "அப்புறம் கிளப்புக்கும் வந்து சொல்றேன்."

"என்னன்னு?"

"நடந்தத. அப்பாவப் பாக்கலன்னு. லித்தம் போனோம்னு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தச் செருப்ப உங்கம்மா இன்னும் கட்டிலுக்குக் கீழ வச்சிருக்கா. உனக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. அம்மாவின் அறைக்குள் நான் போகவில்லை.

"இப்பப் போய்ச் சொன்னா யாருக்கு லேசாகும், கண்ணு? உனக்கு. அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

"உங்களுக்கு?"

"எனக்கு என்ன. வியாழக்கிழமையும் ஆறு மணிக்கே சாப்பிட்டுடறேன்."

அவர் அதைச் சிரிப்புக்காகத்தான் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். தெருவில் இறங்கி நடந்தபோது என் உடம்பு லேசாக இருந்தது. சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிவிட்டார். மூலை திரும்பும் வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது. பிறகு, நான் நிம்மதியாக இருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்துபோனது. இரண்டாவது தடவையாகவும் அவரையே கட்டவைத்துவிட்டு வந்திருந்தேன்.

இருநூற்று எழுபத்தொரு பவுண்டை ஓர் உறையில் போட்டு அவர் கதவின் தபால் துவாரம் வழியாகத் தள்ளினேன். மறுநாள் எங்கள் கதவுத் துவாரம் வழியாக அது திரும்பி வந்தது. பிரிக்கப்படவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நானே கோர்ட்டைப் பற்றி அம்மாவிடம் பேச்செடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. அவள் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, நீதிபதி கேட்டது, அவர் சொன்னது எல்லாவற்றையும் வரி தவறாமல் சொன்னாள். முடித்துவிட்டு, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உனக்கு ஏதாவது தெரியுமா, ஹேலி? அவர் எங்க போனாருன்னு?"

"எனக்கெப்படித் தெரியும்," என்றேன்.

அவள் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு உப்பை எடுக்கப் போனாள். உப்பு மேசைமேலேயே இருந்தது.

ஊரில் இரண்டு மாதம்தான் என்னால் இருக்க முடிந்தது. பிரிஸ்டலில் ஒரு பயண நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கிளம்பிய அன்று நெவில்தான் ரயிலடிக்குக் கொண்டுவந்து விட்டார். வழியில் கடைவளாகத்தைத் தாண்டினோம். இருவரும் மறுபக்கம் பார்த்தோம். அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். எதிரே போல்ட்டன் பஸ் போய்க்கொண்டிருந்தது. அதை ஓட்டியது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பதினாலு மாதம் போனது. கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் வந்து போனேன். நெவிலைப் பார்க்கவில்லை, ஜலதோஷம் என்று அம்மா சொன்னாள், போகாமல் இருக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

போன வியாழக்கிழமை, ஆபீஸில் மாலை ஐந்தரைக்கு, அம்மாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கோடு போட்ட ஒரு பதிவேட்டுப் பக்கம். மார்ச் 7. நடுவில், நெவிலின் நேரான கையெழுத்தில் ஒரு வரி. பெயர் என்ற இடத்தில்: என். கேட்டரால், ஹேலிக்காக. பார்க்க வந்தது: கீத். உள்ளே 4.10. வெளியே 5.25. கடைசிக் கட்டத்தில் அவருடைய கார் எண். அந்தப் பக்கத்தில் அப்பாவைப் பார்க்க வந்தவர் வேறு யாரும் இல்லை.

போட்டோவுக்குக் கீழே அம்மா எழுதியிருந்தாள்:

'கோர்ட்டு முடிஞ்ச மறுநாளே போய்ப் பாத்து எடுத்தது. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நேருக்கு நேரா கேட்டும் பாத்தேன். இன்னைக்கு ஒரு பொண்ணு கைக்குழந்தையோட நெவில் வீட்டு வாசலுக்கு வந்து நோட்டீஸக் காட்டி அழுதா. அவர் முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டார். எனக்குத் தெரியும்னு நெவிலுக்கு இன்னும் தெரியாது. அத நான் சொல்லப் போறதில்ல. நீ வந்து சொல்லு.'